மேலே சூடானால் கடையில் பாண் முடியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த வானிலைப் பத்தியை இரண்டு தரம் வாசித்தேன். வடதுருவத்துக்கு மேலே வெப்பம் ஏறியதால் ஐரோப்பாவில் பனி கொட்டுகிறது என்றால், பூமி சூடாகிறது என்று சொல்லிவந்தவர்கள் இப்போது எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று பத்தியாளர் கேலியாகக் கேட்டிருந்தார். நான் விஞ்ஞானி இல்லை. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் ஒரு சின்ன நகரத்தில் மூலைக்கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் பாணுக்கும் பாலுக்கும் முன்கூட்டியே ஓடர் கொடுக்கிறவன் வானிலையைக் கொஞ்சம் படித்துத்தான் வைத்திருப்பான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பத்தியில் இரண்டு வெப்பங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. புவி வெப்பமடைதல் என்பது நாங்கள் நடமாடுகிற தரையும் கடலும் பல பத்து வருடங்களாக மெல்ல மெல்லச் சூடாவது. பத்தியாளர் குறிப்பிட்டதோ திடீர்ப் படைமண்டல வெப்பமேற்றம். (படைமண்டலம் என்பது நாங்கள் மூச்சுவிடுகிற காற்றடுக்குக்கு மேலே உள்ள அடுத்த அடுக்கு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அடுக்கு மண்டலம் என்று படிப்பார்கள்.) குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் உயரத்தில், சில நாட்களுக்குள் 50 பாகை வரைகூட வெப்பநிலை ஏறிவிடும். அவ்வளவு ஏறியும் பெரும்பாலும் அது உறைநிலைக்குக் கீழேதான் நிற்கும். மைனஸ் 70இல் இருந்தது மைனஸ் 20க்கு வந்ததை யாரும் வெயில் என்று சொல்லமாட்டார்கள். 1952இல் பெர்லினில் ரிச்சார்ட் ஷெர்ஹாக் என்ற வானிலை ஆய்வாளர் பலூன் கருவிகள் மூலம் இதை முதலில் கண்டபோது, புவி வெப்பமடைதல் இன்று போலப் பெரிய பேச்சாக இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காபனீரொட்சைட்டு கூடக்கூடக் கீழே உள்ள காற்று சூடாகும், படைமண்டலம் குளிரும். 1967இலேயே மனாபே, வெதரால்ட் என்ற இரண்டு காலநிலை விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு அளந்து பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. ஆக, பத்தியாளர் கேலி செய்த வெப்பம் நடக்கிற இடமே பல வருடக் கணக்கில் குளிர்ந்துகொண்டு போகிற இடம்.

சரி, அப்படியானால் திடீரென்று எப்படிச் சூடாகிறது? குளிர்காலத்தில் துருவத்தில் வெயிலே இல்லை. மேலே உள்ள காற்று நன்றாகக் குளிர்ந்து, மேற்கிலிருந்து கிழக்காகத் துருவத்தைச் சுற்றி வேகமாகச் சுழலும். இதுதான் துருவச் சுழல். சின்ன வயதில், அசையாமல் நின்று சுற்றுகிற பம்பரத்தை ‘உறங்குது’ என்போமே, அந்த மாதிரி. அது உறங்கும்வரைக்கும் கடுங்குளிர் பெரும்பாலும் வடக்கே அடைபட்டுக் கிடக்கும். கீழே பெரிய மலைத்தொடர்களில் காற்று மோதுவதாலும், நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடாவதாலும், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளமான அலைகள் காற்றில் கிளம்புகின்றன. சில வேளைகளில் அவை மேலே ஏறி, கரையில் கடல் அலை உடைகிற மாதிரி அங்கே போய் உடைகின்றன. உடைகிற ஒவ்வொரு அலையும் சுழலைப் பிடித்து இழுக்கிறது. பம்பரம் தள்ளாடுகிறது, சில தரம் இரண்டாகவே பிளந்துபோகிறது. அப்போது துருவத்துக்கு மேலே உள்ள காற்று கீழ்நோக்கி இறங்கி அமுங்குகிறது. அமுங்கிய காற்று சுடும். சந்தேகம் இருந்தால் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இந்த அலைக் கணக்கை 1971இல் தெளிவாக்கியவர் ஜப்பானிய விஞ்ஞானி தாரோ மட்சுனோ. அந்த 30 கிலோமீற்றர் உயரத்தில், வடக்கே 60ஆம் அகலக்கோட்டைச் சுற்றி வீசும் மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகவே திரும்பிவிட்டால் அதைப் பெரிய வெப்பமேற்றம் என்று கணக்கெடுக்கிறார்கள்.

2018 பெப்ரவரி 12ஆம் திகதி காற்று அப்படித் திரும்பியது. எனக்கு அது தெரியாது. காதலர் தினப் பூங்கொத்துகளுக்கு வாளி தேடிக்கொண்டிருந்திருப்பேன். சரியாக இரண்டு கிழமை கழித்து, வடகடலைத் தாண்டி கிழக்குக் காற்று பனியோடு வந்து எங்கள் பக்கத்தில் அடித்தது. ‘கிழக்கிலிருந்து வந்த மிருகம்’ என்று இங்கத்தைய பத்திரிகைகள் பெயர் வைத்தன. செவ்வாய்க்கிழமை காலை பாண் லொறி வரவில்லை. பத்து மணிக்குள் பால் தட்டு வெறுமை. கடைசிப் பாணைக் கையில் எடுத்த கிழவர் ஒருவர், பின்னால் பிள்ளையோடு நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, பாதியாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டார். பையைத் திறந்து, கல்லா மேசையில் வைத்து எண்ணி, ஆளுக்குப் பத்துத் துண்டு கொடுத்தேன்.

அந்தக் கிழமையில் ரோம் நகரத்திலும் பனி. ஆனால் அதே நாட்களில், துருவத்திலிருந்து சுமார் 700 கிலோமீற்றர் தூரத்தில், கிறீன்லாந்தின் வடகோடியில் உள்ள மொறிஸ் ஜெசப் முனையில், சூரியன் இன்னும் எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில், வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போயிருந்தது. எங்கள் வாசலில் கிடந்த குளிர் வடக்கே இல்லாமல் போன குளிர். பத்தியாளர் கென்ற்றை மட்டும் பார்த்துவிட்டு உலகக் கணக்கை முடித்துவிட்டார்.

இனி என் முட்டாள்தனம். 2019 ஜனவரி தொடக்கத்தில் மறுபடியும் மேலே பெரிய வெப்பமேற்றம் என்று செய்தி வந்தது. இந்த முறை விடுவேனா? பனி உருகப் பாதையில் தூவுகிற உப்பு நாற்பது மூட்டையும், பனி அள்ளுகிற சவள் ஒரு டசினும் வாங்கி அடுக்கினேன். ஜனவரி கடைசியில் கொஞ்சம் பனி விழுந்ததுதான். அப்புறம் பெப்ரவரி 26ஆம் திகதி, மிருகம் வந்து சரியாக ஒரு வருடத்தில், லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 பாகை வெயில். பிரித்தானியாவில் ஒரு குளிர்கால நாளில் அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. வழக்கமாக வருகிற அன்ரி ஒருவர் வாசலில் நின்று, “தம்பி, உந்த உப்பு மூட்டையளை அங்காலை தள்ளிப்போட்டு ஐஸ்கிரீம் பெட்டியைத் திறவுமன்” என்றார்.

என் பிழை இதுதான். மேலே நடந்த குழப்பம் படிப்படியாகக் கீழே இறங்கி வந்தால்தான் எங்களுக்குக் குளிர். இறங்கினால், அத்திலாந்திக்கிலிருந்து மழையும் இளஞ்சூடும் கொண்டுவருகிற ஜெட் காற்று தெற்கே விலகும், கிழக்கு வாசல் திறக்கும், அதன் பாதிப்பு இரண்டு மாதம் வரைகூட நீளும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு தரம் அப்படி நடக்கிறது. மற்றத் தரம் குழப்பம் மேலேயே அடங்கிவிடும், 2019 மாதிரி. இறங்கினாலும் குளிர் எந்த நாட்டில் விழும் என்பது வேறு கதை. பத்து வருடத்தில் ஆறு தரம் போல வருகிற ஒன்றுக்கு, ஒவ்வொரு முறையும் ‘ஐரோப்பா உறையும்’ என்று தலைப்புப் போட்டால் என்னைப் போன்றவர்கள் உப்பு வாங்கிவிடுவார்கள்.

பத்தியாளருக்குக் கேள்வி கேட்க ஆசை என்றால் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. வடதுருவக் கடலில் பனிக்கட்டி குறைவது இந்தச் சுழலைப் பலவீனமாக்குகிறதா என்று விஞ்ஞானிகளே இரண்டு பக்கமாக நின்று வாதாடுகிறார்கள். அதைப் பற்றி எழுதட்டும், முதல் ஆளாக வாசிப்பேன். அதற்கு முன்னால், இரண்டு வெப்பமும் ஒன்றல்ல என்று அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நல்லது.

சவள் ஒன்பது இன்னும் பின்னறையில் இருக்கிறது. வாசகர் யாருக்கும் வேண்டுமென்றால் வாங்கிய விலைக்கே தருவேன்.

இப்படிக்கு,
கென்ற்றிலிருந்து ஒரு கடைக்காரர்