டேப் மெதுவாக ஓடியது, சுருதி ஏறியது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் ஐந்து உருப்படிகளும் ஒரே டேக்கில் (ஒரே பதிவு முயற்சியில்) முடிந்தன, அன்று வாசித்ததுதான் அப்படியே நம் காதில் விழுகிறது என்று எழுதியிருப்பது சரியில்லை. ஒரே டேக்கும் இல்லை, அப்படியேவும் இல்லை.

பதிவு நடந்தது 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில், நியூயார்க் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில். அது முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். ஒவ்வொன்றிலும் முழுதாக வாசித்த முதல் டேக்கே தேர்வானது என்று பியானோ வாசித்த பில் எவன்ஸ் ஆல்பத்தின் உறையில் எழுதினார். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் 'முழுதாக' என்ற சொல்லைக் கட்டுரையாளர் தவறவிட்டுவிட்டார். அதற்கு முன் பாதியில் நின்றுபோன டேக்குகள் உண்டு. முதல் உருப்படியான 'ஸோ வாட்' பதிவின்போது, ஸ்நேர் டிரம் (அடியில் கம்பிகள் கட்டிய டிரம்) தானாக அதிர்ந்து சத்தம் வருகிறது என்று தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட் நிறுத்திச் சொல்கிறார். அதுவும் இசையோடு சேர்ந்ததுதான் என்று டேவிஸ் பதில் சொல்வது டேப்பில் இருக்கிறது. 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இரண்டு முறை முழுதாக வாசிக்கப்பட்டது. ஆல்பத்தில் இருப்பது ஆறாவது டேக். முதல் டேக்கை 1997 சிடியில் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் டேப்பின் வேகம். இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடின, ஒன்று மாஸ்டருக்கு (ஆல்பம் தயாரிக்கப் பயன்படும் மூல டேப்புக்கு), மற்றது காப்புப் பிரதிக்கு. மார்ச் 2 அன்று மாஸ்டர் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் டேப்பில் ஒரு நொடி இசை குறைந்த நீளத்தில் பதியும். அதையே சரியான வேகத்தில் ஓடும் மெஷினில் போட்டால் சீக்கிரம் முடியும், சுருதியும் ஏறும். அன்று பதிவான 'ஸோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்' மூன்றும்தான் எல்பியின் முதல் பக்கம் முழுவதும். எல்லா வாத்தியமும் சேர்ந்து ஏறியதால் சும்மா கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கூடவே வாசிக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் சங்கடம்: டிரம்பெட்காரர் டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம், பியானோக்காரர் என்ன செய்வார்? 1992இல்தான் காப்பு டேப்பிலிருந்து மறுபதிப்பு எடுத்துச் சரிசெய்தார்கள்.

அதனால் "பழைய எல்பியைப் போட்டுக் கூடவே வாசித்துப் பழகுங்கள்" என்ற கட்டுரையின் யோசனைக்கு ஒரு திருத்தம். பிட்ச் கன்ட்ரோல் உள்ள டர்ன்டேபிளாக இருந்தால் முதல் பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் வேகத்தைக் குறைத்து, 'ஸோ வாட்'டில் பேஸ் வாத்தியத்தின் டி (D) ஸ்வரம் உங்கள் கீபோர்டோடு சேரும்வரை நகர்த்துங்கள். பக்கத்தைத் திருப்பும்போது மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் பக்கத்தில் உள்ள ஏப்ரல் பதிவில் இந்தக் கோளாறு இல்லை.

ஆல்பம் முழுக்க 'மோடல்' (கார்டுகளை, அதாவது ஸ்வரக் கூட்டுகளை, மாற்றிக்கொண்டே போகாமல் ஒரு ஸ்வர வரிசையில் நின்று வாசிப்பது), கிட்டத்தட்ட ராகம் மாதிரி என்று கட்டுரை சொல்வதும் அவசர முடிவு. 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்) ப்ளூஸ், அதற்கு மட்டும் பியானோ வின்டன் கெல்லி. 'ப்ளூ இன் கிரீன்' பத்து பார் சுற்று, நிறைய கார்டுகள் மாறுகின்றன. மோடல் என்று தயங்காமல் சொல்லக்கூடியவை 'ஸோ வாட்'டும் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்'ஸும்தான். 'ஸோ வாட்'டின் டோரியன் என்ற வரிசையின் ஸ்வரங்கள் நம் கரகரப்பிரியாவுடையவை, அதுவரை ஒப்புமை சரி. ஆனால் 16 பார் டியில் இருந்துவிட்டு, ஆதார ஸ்வரத்தையே அரை ஸ்வரம் மேலே ஏற்றி 8 பார் இ ஃப்ளாட்டில் வாசித்து, மறுபடி 8 பாருக்கு டிக்கு இறங்குகிறார்கள். தம்புரா மீட்டிக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பழகுபவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். கடைசி 8 பாரும் அடுத்த சுற்றின் முதல் 16 பாரும் ஒட்டிக்கொண்டு 24 பார் டியிலேயே ஓடும். எண்ணாமல் விட்டால் இ ஃப்ளாட் எப்போது வரும் என்று தெரியாது. சோலோவைப் பிடிக்கும் முன் பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும் கேட்டு எட்டு எட்டாக எண்ணிப் பழகுவது நல்லது.

இன்னொன்று. ஆரம்பகாலப் பிரதிகள் சிலவற்றில் இரண்டாம் பக்கத்துப் பெயர்கள் இடம் மாறி அச்சாகியிருக்கும். பக்கத்தின் தொடக்கத்தில், 6/8இல் ஆடிக்கொண்டே போவதுதான் 'ஆல் ப்ளூஸ்'. கட்டுரையில் அதன் பெயருக்குக் கீழே தந்திருக்கும் வர்ணனை 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்'ஸுக்குரியது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்