அந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பையன் திருச்சியில் தனியாகவே ஆர்.ஓ. குடிநீர் மெஷின் சர்வீஸ் கடை போட்டுவிட்டான் என்று படித்ததும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குத்தான் மூட்டுவலி குறைந்தபாடில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைன் டைரக்டரிக்கு வருடம் 18,000 ரூபாய் கட்டினால் பட்டியலில் மேலே போடுவார்களாம், கட்டலாமா என்கிறாய். முதலில் அது 18,000 இல்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 21,240. பையன் காம்போசிஷனில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறையில் இருந்தால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு சர்வீஸுக்கு ஃபில்டர், பெட்ரோல் போக 300 ரூபாய் நிற்கிறது என்று வை. போட்ட பணம் திரும்பவே 71 வேலை வேண்டும். எல்லாம் புது ஆளாக இருக்க வேண்டும். எப்படியும் வரக்கூடிய தெருக்காரர்கள் இதில் சேர்த்தி இல்லை.

விற்க வருகிறவர் மாதம் இத்தனை லீடு என்றுதான் பேசுவார். லீடு என்பது வெறும் விசாரிப்பு. பெரும்பாலும் ஒருவர் நம்பரைப் போட்டதும் அதே விசாரிப்பு நாலைந்து கடைக்குப் போகும். யார் முதலில் போன் பண்ணுகிறாரோ அவருக்கு வேலை, அதுவும் பேரம் பேசிக் குறைத்த ரேட்டில். உன் பையன் அந்த நேரம் யார் வீட்டுச் சமையலறையிலோ ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருப்பான். கடையில் போன் எடுக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பணம் வீண் என்பது என் எண்ணம். மருமகள் கடையைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அது தொடருமா?

இதில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. வீடு மாற்றித் தருகிறவர்கள், ஏசி மெக்கானிக் மாதிரி, தெரிந்த ஆள் இல்லாதபோது ஜனங்கள் அவசரத்தில் தேடும் தொழில்கள். இங்கே கோவையில் பம்ப்செட் செய்கிறவர்கள் இந்தியாமார்ட் என்கிற மொத்த வியாபார வெப்சைட்டில் பணம் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. வடக்கேயிருந்து ஒரு மொத்த ஆர்டர் வந்தால் வருடச் சந்தா வந்துவிடும். தையல் கடைக்கும் மெஸ்ஸுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஆர்.ஓ. இரண்டுக்கும் நடுவில். ஒரு தடவை வந்தவர் ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டால் வருடாவருடம் வருமானம். அப்போது என் 71 கணக்கே மாறிவிடும். அதனால் ஒரேயடியாக மறுக்கவும் மனசு வரவில்லை.

ஆனால் காசில்லாமல் கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கப் பைசா வேண்டாம். கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், சரிபார்த்ததும் வந்துவிடும். கடை நேரம், போட்டோ சரியாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒரு ரிவ்யூ போடச் சொல்லிக் கேட்கலாம். தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் ரிவ்யூ வாங்க வேண்டாம், அது கூகுள் விதிக்கு விரோதம். ஜஸ்ட்டயலிலும் இலவசமாகப் பெயர் போட்டு வைக்கலாம். 1996இல் போனில் நம்பர் கேட்டால் சொல்லும் சேவையாக ஆரம்பித்தது, இப்போது ரிலையன்ஸ் கையில்! நம் காலத்து மஞ்சள் பக்கங்களிலும் பெயர் சும்மா வரும், கொட்டை எழுத்தில் வரத்தான் காசு.

அப்புறமும் ஆசை விடவில்லை என்றால், மூன்று மாதத்துக்குத் தருவார்களா என்று கேட்கச் சொல். அந்த விளம்பரத்துக்கென்று தனி சிம் ஒன்று போடட்டும். அதில் வந்த அழைப்பில் எத்தனை வேலையானது என்று நோட்டில் எழுதினால் போதும், யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. மாதத் தவணை என்று சொல்லி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட்டுக்குக் கையெழுத்து வாங்குவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, நிறுத்தச் சொன்ன பிறகும் வங்கிக் கணக்கில் பணம் போய்க்கொண்டே இருந்தது. வங்கிக்கு எழுதிக் கொடுத்துத்தான் நிறுத்தினார். ரத்து செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். முடிந்தால் அந்தத் தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், நானும் படித்துப் பார்க்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்