தேன் புட்டியை மேல் தட்டில் வை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு குழந்தைக்கு இருமல் என்று நீ தொலைபேசியில் சொன்னதும், ஒரு நொடிகூட யோசிக்காமல், "நாக்கில் ஒரு சொட்டுத் தேனைத் தடவு, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன். பேசி முடித்துப் படுத்த பிறகுதான், என்றோ படித்த ஒரு செய்தி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எழுந்து தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பத்து நிமிடத்துக்குள் மறுபடியும் உன்னை அழைத்துக் "கொடுக்காதே" என்று கத்தினேன். நல்லவேளையாக நீ அப்போதுதான் புட்டியின் மூடியைத் திறந்திருந்தாய். தூக்கக் கலக்கத்தில் இருந்த உன்னிடம் காரணத்தை விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தேனில் சில வேளைகளில் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கலந்திருக்கும். நீயோ நானோ அவற்றை விழுங்கினால், நம் குடலில் முன்பே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் சரியாக அமைந்திருக்காது என்பதால், வித்துகள் அங்கேயே முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும்; முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகுரல் தேய்வது, பால் உறிஞ்ச வலுவில்லாமல் போவது, கழுத்து நிற்காமல் தொய்வது என்று தொடங்கி, மூச்சு விடும் தசைகள்வரை தளர்ந்துவிடும். அரிதாக நடப்பதுதான் என்றாலும், எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த அரிதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. காய்ச்சிக் கொடுத்தால் என்ன என்று நீ கேட்கலாம். அடுப்பில் கொதிக்க வைக்கும் சூடு அந்த வித்துகளை அழிக்கப் போதாது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு அதே தேன் இருமலை உண்மையாகவே தணிக்கிறது. மருத்துவர்களே அதைச் சொல்கிறார்கள். ஆக, நான் சொன்னது முழுப் பொய் அன்று. வயதை எண்ணிப் பார்க்காமல் சொன்னதுதான் பிழை.

அந்தப் பிழையின் அதிர்ச்சியில் தூக்கம் போய்விட்டது. உன் பிள்ளைப் பருவத்தில் உனக்கு நான் அடித்துச் சொன்னவற்றை எல்லாம் இருட்டில் படுத்தபடி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சூயிங்கத்தை விழுங்கினால் ஏழு ஆண்டுகள் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன். அது செரிக்காது என்பது உண்மை, ஆனால் செரிக்காத மற்றவற்றைப் போலச் சில நாளில் வெளியே வந்துவிடும். விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று எத்தனை முறை உன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்! டொனால்ட் அங்கர் என்னும் அமெரிக்க மருத்துவருக்கும் அவருடைய தாயும், அத்தைகளும், பிற்பாடு மாமியாரும் இதையே சொன்னார்களாம். மனிதர் பதில் பேசாமல், இடக்கை விரல்களை மட்டும் நாள்தோறும் இரண்டு முறையாவது சொடுக்கிக்கொண்டு, வலக்கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்து, 50 ஆண்டுகள் காத்திருந்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 2009-இல் அதற்காக அவருக்கு மருத்துவப் பிரிவில், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு மனிதரின் கைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் பலரை வைத்து நடந்த ஆய்வுகளிலும் சொடக்குக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அந்த ஓசை, மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. தாயையும் மாமியாரையும் ஒருசேர மறுப்பதற்கு அரை நூற்றாண்டு பொறுமை காத்தவரை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. நீ ஒரு வாரமாவது அப்படிச் செய்து என்னிடம் காட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

இனி உன் எடைக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற பிறகு ஏறிய எடையைக் குறைக்க, காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து இரண்டு கரண்டித் தேன் விட்டுக் குடிப்பதாகச் சொன்னாய். அது கொழுப்பைக் கரைக்குமாம். எனக்குச் சந்தேகம் எல்லாம் அந்தக் "கரைக்கும்" என்ற சொல்லின் மேல்தான். கொழுப்பு கரைகிறது, உருகுகிறது, வழிகிறது என்று நாம் பேசிப் பழகியிருப்பதால், பிசுக்கு ஏறிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் எண்ணெய்ப் பசை இளகுவது போல உடம்பிலும் நடக்கும் என்று மனம் தானாகப் படம் வரைந்துகொள்கிறது. குடித்த வெந்நீர் இரைப்பைக்குள் சிறிது நேரத்திலேயே உடலின் 37 டிகிரி வெப்பத்துக்கு வந்துவிடும். தோலுக்கு அடியிலும் குடலைச் சுற்றியும் உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கும் கொழுப்பை அது தொடுவதுகூட இல்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 60 கலோரி இருக்கிறது; அதே கரண்டி அளவு சர்க்கரையில் 50-க்கும் குறைவு. இளைப்பதற்காக நீ நாள்தோறும் சர்க்கரையைவிடக் கனமான ஒன்றை இரண்டு கரண்டி கூடுதலாகக் குடித்துக்கொண்டிருக்கிறாய், மகளே.

அப்படியானால் குறைந்த கொழுப்பு எங்கேதான் போகிறது? இந்தக் கேள்வியை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் மருத்துவர்கள், உணவு வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்கள் எல்லாரிடமும் கேட்டபோது, பெரும்பாலோர் "ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது" என்று தவறாகச் சொன்னார்களாம். 2014-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மாறி மூச்சுக் காற்றில் வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. இளைத்தவர்களின் கொழுப்பில் பெரும்பகுதி அவர்களுடைய மூக்கின் வழியாகத்தான் போயிருக்கிறது. இதை மாப்பிள்ளையிடம் சொல்லும்போது பார்த்துச் சொல். வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாம் என்று அவர் முடிவு செய்துவிடப் போகிறார். உடல் எரித்ததைத்தான் மூச்சு வெளியே சுமந்து செல்லுமே தவிர, மூச்சு தானாக எதையும் எரிக்காது. வீணாக மூச்சிரைத்தால் தலைசுற்றல்தான் மிஞ்சும்.

மாப்பிள்ளை பிளாஸ்டிக் அங்கியைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார் என்று நீ பெருமையாகச் சொன்னதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. மாமியாராக நான் அதைப் பற்றி அவரிடம் நேரே பேசுவது முறையாக இராது. நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வியர்வை என்பது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. அதில் போவது நீரும் சிறிது உப்பும்தான், கொழுப்பு இல்லை. ஓடி முடித்ததும் எடைக் கருவி ஒரு கிலோ குறைத்துக் காட்டினால், ஒரு லிட்டர் நீர் உடம்பை விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். குடித்ததும் அது திரும்பிவிடும். காற்றுப் புகாத அங்கிக்குள் வியர்வை ஆவியாக முடியாததால் உடம்பின் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். 1997-ஆம் ஆண்டின் இறுதியில், குறைந்த எடைப் பிரிவில் இடம்பிடிப்பதற்காக இப்படி நீரை வற்றவைத்துப் பயிற்சி செய்த அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் கல்லூரிப் போட்டிகளில் அத்தகைய உடைகளுக்குத் தடை வந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர், கட்டுடல் கொண்ட இளைஞர்கள் என்பதையும் அவரிடம் சொல்.

வயிற்றை மட்டும் குறைக்கும் பயிற்சி என்று நீ செய்வதால் தீங்கு ஒன்றும் இல்லை. வயிற்றுத் தசைகள் வலுப்பெறும். ஆனால் அந்தத் தசைக்கு மேலே போர்த்தியிருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் குறையாது. டென்னிஸ் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் மட்டையைச் சுழற்றுகிறார்கள். அவர்களுடைய இரண்டு கைகளையும் அளந்து பார்த்த 1971-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஆடும் கை பருத்திருந்தாலும் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் வேறுபடவில்லை. உடல் தன் சேமிப்பை எங்கே முதலில் எடுக்கும் என்பது பிறவியோடு வந்த கணக்கு, நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. அதே போல, பயிற்சியை விட்டால் சதை கொழுப்பாக மாறிவிடும் என்பதும் வீண் பயம். நாம் தசையையும் கொழுப்பையும் சேர்த்தே "சதை" என்று சொல்லிவிடுவதால் வந்த குழப்பம் அது. ஒன்று மற்றொன்றாக மாறாது, ஒன்று மெலியும்போது மற்றொன்று தனியே ஏறுகிறது, அவ்வளவுதான்.

"பச்சைத் தண்ணீர் குடித்தாலே எனக்கு உடம்பு போடுகிறது" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீரில் கலோரியே கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? 1992-இல், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 விழுக்காட்டைக் கணக்கில் காட்டாமல் விட்டிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டதும், குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்க வேண்டாம் என்று தின்றதும் யாருக்கு நினைவிருக்கும்? தைராய்டு குறைபாட்டால் எடை ஏறுவதும் உண்டு என்பதால், உனக்குச் சோர்வும் சேர்ந்து இருந்தால் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள். அதை நானோ பக்கத்து வீட்டுக்காரியோ முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நாளுக்கு எட்டுக் குவளை தண்ணீர் என்ற கட்டளையையும் நான் விலக்கிக்கொள்கிறேன். 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்த வரியில் எழுதியது. முதல் வரி ஊரெங்கும் பரவியது, இரண்டாவது வரியை யாரும் படிக்கவில்லை. நீ பாலூட்டுபவள், தாகம் கூடுதலாக எடுக்கும். தாகம் எடுக்கும்போது குடி. உடலின் கழிவை வெளியேற்றும் சாறு என்று விற்பவற்றை வாங்காதே. உன் சிறுநீரகங்கள் கூலி கேட்காமல் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன.

இவ்வளவு பொய்யை ஒரு தாய் எப்படி மெய் என்று நம்பினாள் என்று உனக்குத் தோன்றும். இனிப்பு தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்பதை நான் கண்ணால் கண்டதாகவே இன்றும் சொல்வேன். 1994-இல் நடந்த ஒரு சோதனையில், சிறுவர்கள் அனைவருக்கும் சர்க்கரை இல்லாத பானத்தையே கொடுத்துவிட்டு, பாதித் தாய்மாரிடம் மட்டும் "உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்தத் தாய்மார்தான் தங்கள் பிள்ளைகள் அடங்காமல் ஆடுவதாக மதிப்பிட்டார்கள். பிள்ளைகளின் பக்கத்திலேயே நின்றுகொண்டு அதிகம் குறையும் சொன்னார்கள். அதைப் படித்தபோது உன் பிறந்தநாள் விழாக்களில் நான் போட்ட கூச்சல் எல்லாம் காதில் ஒலித்தது. கை மருந்துகளும் இப்படித்தான் பெயர் வாங்குகின்றன: சளி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் கஷாயத்தைத் தேடுகிறோம், ஏழு முதல் பத்து நாளில் தானாகவே இறங்கும் சளி இறங்கத் தொடங்குகிறது, பாராட்டு முழுவதும் கஷாயத்துக்குப் போய்விடுகிறது.

அதற்காக வீட்டு மருத்துவம் எல்லாமே வெறுங்கதை என்று நீ தூக்கி எறிந்துவிடாதே. 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்கான் என்னும் ஊரில் இருந்த அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன வேளையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்களின் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடலின் வழியே உப்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போக, நீரும் பின்னாலேயே போகிறது. பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குழந்தைக்கு வந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே அதில் அச்சிட்டுள்ள அளவில் கரைத்துக் கொடுத்து, மருத்துவரிடமும் காட்டு.

நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறு வயதில் நீ கையைச் சுட்டுக்கொண்டபோது, ஓடிப்போய்ப் பற்பசையை அப்பினேன். செய்திருக்க வேண்டியது, குழாய்த் தண்ணீருக்கு அடியில் கையை 20 நிமிடம் வைத்திருப்பது மட்டுமே. வெண்ணெயோ பற்பசையோ பனிக்கட்டியோ கூடாது. உன் மணிக்கட்டில் இன்றும் இருக்கும் அந்தத் தழும்புக்கு நெருப்பு பாதிக் காரணம் என்றால், மீதி நான்தானோ என்று தோன்றுகிறது.

குழந்தையின் இருமல் இன்னும் இருந்தால், மூச்சு வேகமாக இருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழிவிழுகிறதா, பால் குடிக்க மறுக்கிறாளா என்று கவனி. இவற்றில் ஒன்று இருந்தாலும் என்னை அழைக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போ, எனக்குப் பிறகு சொன்னால் போதும். தேன் புட்டியை எடுத்து மேல் தட்டில் வைத்துவிடு. அவளுக்கு ஒரு வயது நிறைய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன், முதல் சொட்டை என் கையாலேயே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா