வைத்தியத்துக்கு வந்தவனிடம் சுற்றுலா வரியா?

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, வேலூர்
பொருள்: உங்கள் லாட்ஜ் பில்லில் கூடுதலாகச் சேர்த்த 297 ரூபாயைத் திருப்பித் தரக் கோருதல் (மூன்றாவது கடிதம்)

ஐயா / அம்மா,

வணக்கம். பில் நகலை இரண்டு தடவை அனுப்பியாகிவிட்டது, இதோடு மறுபடியும் இணைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கிளையில், உங்களுக்கே தெரிந்த அந்த லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், நானும் தம்பியும் மாற்றி மாற்றி 11 நாள் தங்கினோம். அம்மாவுக்கு ஆபரேஷன்.

நாள் வாடகை 900, மொத்தம் 9,900. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 495. சரி, அது சட்டம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் 12 சதவீதம் கட்டினோம், குறைந்தவரை சந்தோஷம். அதற்கும் கீழே 'சுற்றுலா மேம்பாட்டு வரி 3%' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை யார் போட்டது? லாட்ஜ் அறைகளுக்குத் தமிழ்நாட்டில் இருந்த ஆடம்பர வரியே 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. இது எந்த அரசாணையில் வருகிறது என்று ஒரு எண் சொன்னால் போதும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கஸ்டமர் கேரில் 40 நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவர் வந்தார். பெயர் கேட்டால் சொல்லவில்லை. "வேலூர் வந்தா கோட்டை பார்த்திருப்பீங்க, ஸ்ரீபுரம் போயிருப்பீங்க, அப்ப நீங்க டூரிஸ்ட்தானே சார்?" என்று சிரித்தார். ஐயா, ரத்தம் வாங்க ஆட்டோவில் ஓடும்போது அகழித் தண்ணீர் கண்ணில் பட்டது. நான் பார்த்த கோட்டை அவ்வளவுதான். ஐசியு வாசலில் தரையில் படுத்துக் கிடந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் "அமெரிக்காவிலேயே இருக்கு சார்" என்றார். இருக்கட்டும். லாஸ் வேகாஸில் அறை வரியைச் சட்டம் போட்டு வாங்குகிறார்கள். ஊருக்கு ஆள் வரவழைக்கும் பொது அமைப்பு பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. என் 297 எந்த அமைப்புக்குப் போனது? இதைக் கேட்டதும் "அது வரி இல்ல, கட்டணம்" என்று மாற்றிக்கொண்டார். அப்படியானால் பில்லில் வரி என்று ஏன் அடித்தீர்கள்? சர்வீஸ் சார்ஜையே தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே ஓட்டல்களுக்குச் சொல்லிவிட்டது.

இதற்கு முன்பே நேரில் வரச் சொன்னீர்கள், அதையும் எழுதிவிடுகிறேன். வேலைக்கு லீவு போட்டு, போளூரில் பஸ் ஏறி, ஷேர் ஆட்டோ பிடித்து சத்துவாச்சாரி ஆபீசுக்கு வந்தேன். ஷட்டர் பூட்டியிருந்தது. "போன மாசமே காலி பண்ணிட்டாங்கண்ணே" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது உங்கள் ஆட்களுக்கே தெரியாதா? கூலி, பஸ், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் என் நஷ்டம் பத்தாயிரத்துக்குக் குறையாது.

தயவுசெய்து ஏழு நாளுக்குள் 297 ரூபாயையும் எழுத்தில் ஒரு விளக்கத்தையும் அனுப்புங்கள். வரவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், பிறகு வணிகவரித் துறை, அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சண்டை போட எனக்கும் ஆசையில்லை. அடுத்த மாதம் அம்மாவை செக்கப்புக்கு அழைத்து வருகிறோம். அறை வேறு இடத்தில் பார்த்தாகிவிட்டது.

இப்படிக்கு,
போளூர் வாடிக்கையாளர்