உடம்பில செல் பீஸ் இருக்கிற சனத்தின்ர ஸ்கானைக் கொஞ்சம் வேற மாதிரிப் பாருங்கோ

அணுமருத்துவப் பிரிவுகளில இருக்கிற டொக்டர்மார், மெடிக்கல் பிசிசிஸ்ட்மார், ஸ்கான் எடுக்கிற தம்பி தங்கச்சிமார், பிறகு சுகாதார அமைச்சில மெசின் வாங்கக் கையெழுத்து வைக்கிற பெரிய ஆக்கள், எல்லாருக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பிசிக்ஸ் படிப்பிக்கிற ஆள், டொக்டர் இல்லை. ஆனா உங்கட ஸ்கானில பாதி மருத்துவம் எண்டா பாதி கணக்கு, அந்தக் கணக்குப் பாதியைப் பற்றித்தான் கதைக்க வந்தனான், கோவிக்காமல் வாசியுங்கோ.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் எண்டு எங்க போனாலும் உடம்பில செல் பீஸோட, அதுதான் போரில வெடிச்ச குண்டின்ர இரும்புத் துண்டோட, திரியிற ஆக்கள் இருக்கினம். எடுத்தா நரம்பு போயிடும் எண்டு 2009இல டொக்டர்மாரே விட்டது கன பேருக்கு. இப்ப அந்தச் சனத்துக்கு வயசு போகுது, கான்சரும் வருது. எம்ஆர்ஐக்குப் போனா உள்ள இரும்பு கிடக்கு ஏலாது எண்டு திருப்பி விடுறது நடக்கும், சரி, அப்ப மிச்சம் இருக்கிறது சிரியும் (CT, எக்ஸ்ரேயால எடுக்கிற படம்) உங்கட ஸ்பெக்ட் (SPECT), பெற் (PET) ஸ்கானும்தானே, கதிர் வீசுற மருந்தை ஊசியாப் போட்டு அது உடம்பில எங்க சேருது எண்டு பாக்கிறது.

பிரச்சினை அங்கதான் துவங்குது. அந்த மருந்தில இருந்து வாற காமாக் கதிரில ஒரு பங்கை உடம்பே உறிஞ்சிப்போடும், எவ்வளவு உறிஞ்சினது எண்டதை சிரிப் படத்தை வச்சு மெசின் கணக்குப் பாத்துத் திருப்பிக் கூட்டிக் குடுக்கும், நல்ல வேலைதான், ஆனா சிரியில ஒரு சின்ன இரும்புத் துண்டு வந்தா காணும், பளிச்செண்டு வெள்ளையா எரிஞ்சு சுத்திவர வரி வரியா விழுத்தும், மெசின் அதை நம்பி அந்த இடத்தில அளவுக்கு மிஞ்சிக் கூட்டிப்போடும். ஒண்டுமே இல்லாத இடத்தில சூடான புள்ளி தெரியும். கறுப்பு வரி விழுந்த இடத்தில கதை மறுவளம், அங்க குறைச்சுப்போடும், உண்மையாவே ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் மங்கிப்போகும். இது காணாதெண்டு பீஸைச் சுத்தி அழற்சி இருந்தா பெற் ஸ்கானுக்குப் போடுற எப்டிஜி (FDG) எண்ட சீனி மாதிரி மருந்தும் அங்க போய்ச் சேரும், அது பொய்ப் புள்ளி இல்லை, ஆனா கான்சரும் இல்லை.

எங்கட மாமிக்கு இடுப்பெலும்புக்குக் கிட்ட ஒரு பீஸ். ரிப்போர்ட்டில "பரவியிருக்கலாம்" எண்டு ஒரு வரி. வீட்டில அடுப்பு மூட்டேல்லை அண்டைக்கு. பிறகு வேற ஒரு டொக்டர் ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டே "அம்மாவுக்கு இஞ்ச காயம் ஏதும் பட்டதோ" எண்டு கேட்டார், அதுவரைக்கும் ஆரும் கேக்காத கேள்வி, கேட்டுட்டு உறிஞ்சல் திருத்தம் செய்யாத படத்தைத் திறந்தார், அதில புள்ளியைக் காணேல்லை. அந்தப் படம் முதலே அந்தக் கொம்பியூட்டரிலதான் கிடந்தது.

அதால ஸ்கான் போமில செல் பீஸ், சன்னம், உள்ளுக்க வச்ச பிளேட் எண்டு ஒரு கேள்வி போடுங்கோ, எந்த இடம் எண்டு உடம்புப் படத்தில குறிக்க விடுங்கோ, தமிழிலயும் போடுங்கோ. பீஸ் இருக்கிற ஆளெண்டா திருத்தாத படத்தைப் பாக்காமல் ரிப்போர்ட் எழுதாதேங்கோ. சிரியில வாற உலோகக் கோட்டைக் குறைக்கிற சொவ்ட்வெயார் இருக்கு, இருந்தா போடுங்கோ.

பீஸ் இல்லாத ஆக்களுக்கும் கணக்கு முக்கியம், பிடிச்ச கதிரை வச்சுப் படத்தைக் கட்டுற கணக்கைச் சொல்லுறன். முந்தி படத்தைப் பின்னுக்கு எறிஞ்சு கட்டுற முறைதான், கவுண்ட், அதுதான் மெசின் பிடிச்ச கதிரின்ர எண்ணிக்கை, குறைஞ்சா கோடு கோடா வரும். 1982இல ஷெப்பும் வார்டியும் திரும்பத் திரும்பக் கணக்குப் பாத்துக் கிட்ட கிட்டப் போற முறையைக் குடுத்தினம், 1994இல ஹட்சனும் லார்கினும் டேட்டாவைப் பிரிச்சுப் பிரிச்சு அதை வேகமாக்கிச்சினம், அதுதான் ஓஎஸ்ஈஎம். இதில எத்தினை தரம் சுத்துறது எண்டதிலதான் எல்லாம் இருக்கு, குறைய விட்டா சின்னக் கட்டி வடிவா எழும்பாது, கூட விட்டா படம் முழுக்க இரைச்சல், அதை அடக்கப் பில்ற்றர் போட்டா கட்டியும் சேந்து கரையும். கொம்பனிக்காரன் போட்டுவிட்ட செற்றிங்கை அப்பிடியே விட்டா உங்கட மருந்தளவுக்கும் எங்கட சனத்தின்ர உடம்புக்கும் அது பொருந்தோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. சோதிக்கிற பொம்மையில 10, 13, 17, 22, 28, 37 மிமீ எண்டு ஆறு உருண்டை வருமே, அந்தச் சின்ன 10 மிமீ தெரியுதோ எண்டு செற்றிங்கை மாத்தி மாத்திப் பாருங்கோ, பாத்திட்டு அறிஞ்ச கட்டியளை டொக்டர்மாருக்குச் சொல்லாமல் காட்டி எத்தினையைக் கண்டுபிடிக்கினம் எண்டும் எண்ணுங்கோ. படம் வடிவா இருக்கு எண்டு சொல்லி நிப்பாட்டுறது எனக்குப் பிடிக்கிறேல்லை. இப்ப வாற ஏஐ சொவ்ட்வெயாருக்கும் இதே சோதினைதான், இரைச்சலைத் துடைக்கிறன் எண்டு சின்னக் கட்டியையும் சேத்துத் துடைச்சா ஆருக்குத் தெரியும்?

கமராவின்ர மங்கலையே கணக்கில சேத்துத் திருத்துற முறையால ஸ்பெக்டில பாதி நேரத்திலயே கிட்டத்தட்ட அதே தரத்தில எடுக்கலாம். முதுகு நோவோட படுக்கேலாத ஆளுக்கு அது பெரிய விசயம். ஆனா இந்த முறையளில சின்னக் கட்டியின்ர எஸ்யூவி (SUV, கட்டி எவ்வளவு மருந்தை இழுக்குது எண்ட எண்) கூடிக் காட்டவும் கூடும், கீமோவுக்கு முதல் ஒரு கணக்கு, பிறகு வேற கணக்கு எண்டா நோய் கூடினதோ செற்றிங் மாறினதோ? எந்த முறை, எத்தினை சுத்து எண்டு ரிப்போர்ட்டின்ர அடியில ஒரு வரி எழுதினா காணும்.

அமைச்சு ஆக்களுக்கு ஒண்டு. மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரியின்ர பெற் மெசினுக்குச் சனம் காசு சேத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புது மெசின் கேக்கேக்க உலோகக் கோடு குறைக்கிற, மங்கல் திருத்துற சொவ்ட்வெயாரையும் சேத்தே கேளுங்கோ, பிறகு கேட்டா தனிக் காசு. அதை ஓட்டத் தெரிஞ்ச பிசிசிஸ்டுக்கும் ஒரு கதிரை போடுங்கோ.

மூல டேட்டாவை, அதுதான் படமாக் கட்ட முதல் மெசின் பிடிச்ச கணக்கை, அழிக்காதேங்கோ எண்டதும் இருக்கு. எப்டிஜியில இருக்கிற புளோரின் 110 நிமிசத்தில பாதியாகும், ஸ்பெக்டுக்குப் போடுற ரெக்னீசியம் 6 மணித்தியாலத்தில, படம் சரியில்லை எண்டா திருப்பி ஊசி போடோணும், முல்லைத்தீவில இருந்து திருப்பி ராத்திரி பஸ் ஏறோணும். மூல டேட்டா இருந்தா ஆள் வீட்டில இருக்க நீங்கள் கொம்பியூட்டரில திருப்பிக் கட்டலாம்.

திருத்தின படம் திருத்தாத படம் ரெண்டையும் சீடியில கேட்டு வாங்குங்கோ எண்டு இஞ்ச ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன், அதால கவுண்டரில வந்து ஒரு ஆச்சி அப்பிடிக் கேட்டா சிரிக்காமல் எழுதிக் குடுங்கோ.

இப்படிக்கு,
கிளிநொச்சியில இருந்து ஒரு வாத்தி