கொடியை உயர்த்தியவர் காரணத்தையும் எழுதி வைக்கட்டும்

கியோகுஷின் கராத்தேயின் உலக அமைப்புகளுக்கும் அவற்றின் நடுவர் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

கியோகுஷினை நிறுவிய மாசுதாட்சு ஓயாமா 1994இல் மறைந்த பின் நீங்கள் பல அமைப்புகளாகப் பிரிந்துவிட்டீர்கள். உங்களில் யார் உண்மையான வாரிசு என்ற வழக்கில் நான் தலையிடவில்லை. பிரிந்த பின்னும் நீங்கள் அனைவரும் விடாமல் காத்துவரும் ஒரு பழக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன். தலைமை நடுவர் 'ஹான்டெய்' (தீர்ப்பு) என்று குரல் கொடுக்கிறார். மூலைகளில் அமர்ந்திருக்கும் நால்வரும் சிவப்பு அல்லது வெள்ளைக் கொடியை உயர்த்துகிறார்கள். அது ஏன் அந்தப் பக்கம் உயர்ந்தது என்று எவரும் சொல்லாமலேயே அடுத்த இருவர் களத்துக்கு அழைக்கப்படுகிறார்கள்.

நம் ஆட்டத்தில் கையால் முகத்தில் குத்தக் கூடாது, தலைக்கு உதைக்கலாம், உடலிலும் தொடையிலும் முழு வலுவோடு அடிக்கலாம். ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடும் முழுப் புள்ளியான 'இப்பொன்' விழுந்தால் தீர்ப்புக்கு வேலையே இல்லை. ஆனால் இறுதிச் சுற்று வரை வந்துவிட்ட இருவர் எளிதில் விழமாட்டார்கள் என்பதால், பெரும்பாலான பட்டங்கள் கொடியின் கையில்தான் இருக்கின்றன. கூடுதல் நேரத்திலும் முடிவு வராவிட்டால் உடல் எடையையும், அதிலும் தீராவிட்டால் உடைத்த பலகைகளின் எண்ணிக்கையையும் பார்க்கும் வழக்கம் உண்டு. ஒரு பலகையில் பட்டம் போவது வேடிக்கைதான். ஆனாலும் அப்படித் தோற்றவர் பெரிதாக முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எண்ணை அவரும் பார்க்க முடிகிறது அல்லவா?

1987இல் டோக்கியோவில் நடந்த நான்காவது உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் அகியோஷி மாட்சுயியும் சுவிட்சர்லாந்தின் ஆண்டி ஹக்கும் மோதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் நூறு பேரோடு தொடர்ந்து மோதும் சோதனையை முடித்திருந்தவர் மாட்சுயி. உலக இறுதிச் சுற்றை எட்டிய முதல் வெளிநாட்டவர் ஹக். பட்டம் மாட்சுயிக்குப் போனது. அது தவறான தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. பதிவைப் பலமுறை பார்த்தும் என் மனம் இரண்டு பக்கமும் சாய்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக 'ஜப்பானில் ஜப்பான் வீரரைப் புள்ளியில் வெல்ல முடியாது' என்ற பேச்சு ஓயாமல் இருப்பதற்கு, கொடிகளுக்குப் பின்னால் இருந்த கணக்கு நம்மிடம் இல்லாததே காரணம். ஜப்பானியரல்லாத முதல் உலகச் சாம்பியனாக பிரேசிலின் பிரான்சிஸ்கோ பில்யோ 1999இல் வந்தபோது, முதல் உலகப் போட்டி முடிந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே பில்யோ 1991இல் ஹக்கை வீழ்த்தியது இதற்கு நேர்மாறான கதை. நிறுத்தச் சொன்ன வேளையில் ஹக் காவலைத் தளர்த்தினார், பில்யோவின் உதை தலையில் இறங்கியது, ஹக் சாய்ந்தார். உதை முன்பே கிளம்பிவிட்டது, வீரன் காவலை விடக் கூடாது என்று கூறி ஓயாமா அதைச் செல்லும் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் மறுத்து வாதாட என் முன்னால் ஒரு காரணம் இருக்கிறது. 1987இன் கொடிகளிடம் வாதாட எனக்கு எதுவுமே இல்லை. அந்த உலகப் பட்டம் கைக்கு வராமலேயே ஹக் கிக்பாக்சிங் பக்கம் போய், 1996இல் கே-1 பட்டம் வென்று, 2000இல் ரத்தப் புற்றுநோயால் 35 வயதில் இறந்தார்.

மூலை நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் விசில், இரு கைகளிலும் கொடி. தலைமை நடுவரின் முதுகு பாதிக் களத்தை மறைக்கும். எதிர்ப்பக்கத் தொடையில் விழும் உதையைக் காதால்தான் அறிய வேண்டும். கூட்டம் கத்தினால் அதுவும் கேட்காது. ஒரு மாவட்டப் போட்டியில், இரண்டரை நிமிடம் தொடையிலேயே அடித்து எதிராளியை நொண்ட வைத்த ஒரு பையனுக்கு எதிராக நான் கொடி தூக்கினேன். கடைசி அரை நிமிடத்தில் மற்றவன் நெஞ்சில் படபடவென்று குத்திக்கொண்டே முன்னேறியது என் கண்ணில் ஒட்டிக்கொண்டது. மூன்று கொடிகள் அந்தப் பக்கம். அவற்றில் ஒன்று என்னுடையது. மாலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "மாஸ்டர், நான் எதுல தோத்தேன்னு சொன்னா அடுத்த தடவை திருத்திக்குவேன்" என்றான். ஏதோ சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அன்று. அரையிறுதியிலும் இறுதியிலுமாவது, கொடி உயர்த்திய ஒவ்வொருவரும் நாற்காலியை விட்டு எழுமுன் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் அன்றே இரு வீரர்களின் கைக்கும் போக வேண்டும். மோதுபவரின் நாட்டையோ டோஜோவையோ (பயிற்சிக்கூடத்தையோ) சேர்ந்தவர் அந்த ஆட்டத்தில் கொடி பிடிக்கக் கூடாது என்ற விதியை ஏட்டோடு நிறுத்திவிடாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். தீர்ப்பை 'ஓஸ்' என்று வணங்கி ஏற்பதே நம் மரபு என்று பதில் வரும் என்பதை அறிவேன். அந்த வணக்கம் தோற்றவனின் பெருந்தன்மை. அதை நடுவர்கள் கேடயமாக எடுத்துக்கொள்ள அவன் நமக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் மூலையில் உட்கார என்னை அழைத்திருக்கிறார்கள். நீங்கள் விதி எழுதும் வரை, சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

ஓஸ்.

இப்படிக்கு,
ஒரு மூலை நடுவர்