பாதியில் நிற்கும் டிப்ளோமா

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

பாதியில் விட்ட டிப்ளோமாவை முடி என்றதற்கு, "வீட்டில் பிள்ளை பார்க்கிறவளுக்கு எதுக்கும்மா சான்றிதழ்?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை நன்றாகத்தான் சம்பாதிக்கிறார். ஆனால் ஒரே சம்பளத்தில் நிற்கிற குடும்பம் எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகிற ஆள் நோயில் படுத்துவிட்டால் சம்பளத்தோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். உன் வீடு பேங்குக் கடனில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் இல்லத்தரசிகள் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டுவதை நிறுத்தாதே. ஆனால் அது விபத்துக்கும் உடல் முடங்கிப்போவதற்கும் வரும் பணம். நீயே வேலை தேட வேண்டி வந்தால் முதலில் கேட்பது சான்றிதழைத்தான்.

வேலைக்கே போகாவிட்டாலும் படிப்பு வீண் இல்லை. சின்னவனுக்கு இன்னும் பென்சில் பிடிக்க வரவில்லை என்று வருத்தப்பட்டாய். மூன்று வயதில் விரல் தசை முதிர்ந்திருக்காது. எழுத வைக்காதே, மாவு பிசையவும் பெரிய மணி கோர்க்கவும் விடு. நீ பாதியில் விட்ட பாலர் கல்வி டிப்ளோமாவில் வருகிற பாடம்தான் இது. காலையில் படித்ததை அன்று சாயங்காலமே உன் பிள்ளையிடம் செய்து பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருகிறேன். நம் மலேசியாவில் டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட் வேண்டும். இரண்டு செமஸ்டரில் நீ எடுத்தது 30 என்று வைத்தால் பாக்கி 60, அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் இருபது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. வைத்திருக்கும் அளவு. வகுப்பு, வாசிப்பு, இடுபணி (அசைன்மென்ட்), தேர்வு எல்லாம் அதில் சேர்த்தி. ஆக ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம், பதினைந்து வாரச் செமஸ்டரில் வாரத்துக்கு எட்டு மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் பதினாறு. நான்கு எடுத்தால் முப்பத்திரண்டு, கைப்பிள்ளைக்காரிக்கு அது ஆகாது. சேர்ந்த வேகத்தில் நான்கு எடுத்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே விழுந்து, "படிப்பு எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. முதல் செமஸ்டருக்கு ஒரே பாடம் போதும். பிறகு ஆண்டுக்கு மூன்று செமஸ்டர், இரண்டிரண்டாக எடு. நான்கு ஆண்டுக்குள் முடியும், சின்னவன் முதலாம் ஆண்டுக்குப் போகும் நேரம்.

பழைய கிரெடிட்டை மாற்றுவதில்தான் சிக்கல் வரும். சி கிரேடுக்குக் குறைந்த பாடத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளடக்கமும் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். அதை ஒப்பிட்டுப் பார்க்க, மதிப்பெண் பட்டியலோடு நீ படித்த ஆண்டின் பாடத்திட்டமும் கேட்பார்கள். கல்லூரி மூடினாலோ பெயர் மாறினாலோ அந்தப் பாடத்திட்டத்தைத் தேடி அலைய வேண்டும், ஆகவே இப்போதே வாங்கி வை. கட்டண பாக்கி இருந்தால் பட்டியலைத் தரமாட்டார்கள், அதை முதலில் தீர்த்துவிடு. எத்தனை கிரெடிட் ஏற்கிறார்கள் என்பதைக் கட்டணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கு.

அது சரிப்படாவிட்டால், முன் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்க்கிற அபெல் வழி இருக்கிறது. இருபது வயது கடந்தவர்கள் தகுதித் தேர்வும் அனுபவக் கோப்பும் கொடுத்து டிப்ளோமாவில் சேரலாம். நீ கோவிலில் நடத்தும் தேவார வகுப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கு எழுதியது, இவற்றுக்கெல்லாம் கடிதமும் படமும் சேர்த்து வை. வெறும் வாய்ச்சொல் அங்கே செல்லாது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களான ஓ.யு.எம். (ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியா), வவாசான் இரண்டுக்கும் நீ இருக்கிற ஜொகூர் பாருவில் மையம் உண்டு. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்பின் பெயர் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று நீயே இணையத்தில் பார், முகவர் சொல்வதை நம்பாதே. எடுக்கிற பாடத்துக்குத் தக்கபடி கட்டிக்கொண்டு போகலாமா என்றும் கேள். நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960 முதல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டங்களையே வாங்கினார். நீயும் அப்படியே கட்டு. பேக்டரியில் வேலை செய்தபோது சேர்த்த இ.பி.எப். (சேமநிதி) பணத்தைப் படிப்புக்கு எடுக்க முடியும், ஆனாலும் அது உன் முதுமைக்கான பணம், கடைசி வழியாக வை. மாப்பிள்ளை வருமான வரியில் இதைக் கழிக்கலாம் என்று எண்ண வேண்டாம், அந்த 7,000 வெள்ளிச் சலுகை வரி கட்டுகிறவரின் சொந்தப் படிப்புக்குத்தான்.

பிள்ளை மத்தியானம் தூங்கும் நேரத்தை நம்பித் திட்டம் போடாதே. ஒரு காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் போய்விடும். இடுபணியைக் கெடு நாளுக்கு ஏழு நாள் முன்பே முடிப்பதாக வைத்துக்கொள். தொடர முடியாமல் போனால் சும்மா நின்றுவிடாதே, ஒத்திவைப்பு மனு கொடு. இல்லையென்றால் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

தேர்வு வாரம் எது என்று தேதி வந்ததும் சொல். ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் பஸ் ஏறி வந்துவிடுகிறேன், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா